ஒன்பது மணிக் காற்று

கந்தப்பளை டவுனில்
அமரசேன முதலாளி முதலில் இறக்கியது
மோட்டார் வைத்தது.
இழுத்தால் எதிர்மலைக்குக் கேட்கும்.
"ஒரே நாளையில ரெண்டு ஏக்கர், நங்கி."
எனக்கு இருப்பது இருபது பாத்தி கோவா,
குத்தகை நிலம், படிபடியாய் இறங்கும் சரிவு.
அதைத் தூக்கிக்கொண்டு ஏறவேண்டியது
என் தோள், அவருடையது அல்ல.

பதினாறு லீட்டர் கைப்பம்பைக் காட்டச் சொன்னேன்.
நிறைத்து மாட்டினால்
மகள் பாலர் பள்ளிக்குப் போன வருஷத்து நிறை.
வெறுந்தொட்டியோடு கடைக்குள் நடந்தேன்,
உர மூட்டைகளுக்கு நடுவே, போயும் வந்தும்.
சேலைக் கடையில் முந்தானையை விரிக்கிற மாதிரி
வாரின் தையலை இழுத்துப் பார்த்தேன்.
அகலமான வார். உள்ளே பஞ்சு.
வாயில் சல்லடை.
"தண்ணி ஊத்திக் காட்டுங்க முதலாளி."
சிரித்தார். ஊற்றினார்.
மூடியடியில் பிறந்த ஒரு சொட்டு
என் முதுகுத்தண்டைத் தேடி இறங்கியது.
வாசரை மாற்றிய பிறகுதான்
காசை எண்ணினேன்.

போன போகத்தில்
சன்னாசி அண்ணனிடம் இரவல் டாங்கி.
அவர் அதில் புல்லுக்கு அடித்திருந்தார்.
ஒரு தரம் அலசினேன் என்றார்.
நாலாம் நாள் என் லீக்ஸ்
அடுப்பருகே விட்ட ரிப்பனாய்ச் சுருண்டது.
சண்டை போடவில்லை.
அவருக்கும் எனக்கும் ஒரே பீலித் தண்ணீர்.

பெட்டிக்குள் மூன்று நொசில்.
விசிறியாய் விரிவது புல்லுக்கு.
நேராய்ப் பாய்வது மரத்துக்கு,
இல்லாவிட்டால் மகளின் விளையாட்டுக்கு.
மூன்றாவது சுழன்று கூம்பாகும்,
நடுவில் ஒன்றுமில்லாத கூம்பு,
விடியற்காலை மூச்சு மாதிரி.
அதுதான் வேண்டும்.
புழு இலைமேல் உட்கார்ந்து
எனக்காகக் காத்திருப்பதில்லை.
புரட்டினால் அடியில் பச்சைக்குள் பச்சை,
தொட்டால் துடித்து நூலில் தொங்கும்.
மேலே ஆறாய் ஓடவிட்டால்
மருந்து மண்ணுக்கு, பில் எனக்கு.
குழலைத் தாழ்த்தி, முனையை மேலே திருப்பி,
கீழிருந்து.

முதல் நாள் வெறும் தண்ணீர்.
ஒரே சீரான அடி, ஒரே சீரான இழுப்பு.
தொட்டிக்கு ஏழு பாத்தி.
மூடியின் உட்புறம் மகள் ஏழு என்று எழுதினாள்,
அவளுடைய ஏழு கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

சனிக்கிழமை ஆறு மணி.
அவருடைய பழைய நீளக்கைச் சட்டை, கையுறை, பூட்ஸ்,
முகத்துக்கு மாஸ்க்.
போத்தலில் எழுதிய அளவு, ஒரு மூடி கூடவில்லை.
புகையிலைத் துண்டைக் கொளுத்திக் காற்றைக் கேட்டேன்,
புகை நேரே ஏறி யோசித்தது.
ஏழு பாத்தி. இன்னும் ஏழு.

மூன்றாம் தொட்டிக்குத் தண்ணீர் நிறைத்தபோது
கோவா இலைகள் ஒன்றன்பின் ஒன்றாய்
அடிவயிற்றைக் காட்டின.
ஒன்பது மணிக் காற்று.
வெயில் பட்ட பள்ளத்தாக்கிலிருந்து கிளம்பி
நேரே மேலே ஏறும்.
மேலே லயம்.
லயத்துக் கொடியில் புஷ்பராணி வீட்டுப் பிள்ளைகளின்
வெள்ளைச் சீருடை நாலு,
கை விரித்து, தலை இல்லாமல்.

மருந்து இன்னும் போத்தலில்தான் இருந்தது.
கலக்கிவிட்டால் அடித்தே தீர்க்கவேண்டும்.
கலக்கவில்லை.

பீலிக்குத் தூரமாய்,
அடித்த பாத்தியின் ஓரத்திலேயே
தொட்டியை மூன்று தரம் அலசினேன்.
அடைத்த நொசிலை வாயால் ஊதாமல்
பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன்.
பின்னேரம் மழை பிடித்தது.
ஐந்து நாள் விடவில்லை.

அந்த ஆறு பாத்தியும் சல்லடை.
லொறிக்காரர் தொட்டும் பார்க்கவில்லை.
ஓட்டையைச் சுற்றி வெட்டி வெட்டி
ஒரு மாதம் சுண்டித் தின்றோம்,
புஷ்பராணி வீட்டுக்கும் ரெண்டு கூடை.
"ஏன் இதுக்கு மட்டும் அடிக்கல?" என்றாள்.
காற்று என்றேன்.
விளங்கின மாதிரித் தலையாட்டினாள்.

நேற்று சன்னாசி அண்ணன் வாசலில் வந்து நின்றார்,
டாங்கி இரவல் வேணுமாம்.
"புல்லுக்கா, பூச்சிக்கா?"
தொண்டையைக் கனைத்துக்கொண்டு
கரட் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.